கவுன்டர் மூடிய நிலையத்தில் யாரிடம் வழி கேட்பது?

சென்ற இதழில் இங்கிலாந்தின் ரயில் நிலையங்களில் பயணச்சீட்டு அலுவலகங்கள் மறைந்து வருவதைப் பற்றியும், அவற்றோடு சேர்ந்து காகித வரைபடங்களின் தேவையும் கேள்விக்குள்ளாகி இருப்பதைப் பற்றியும் ஒரு வாசகருக்கு, காகித வரைபடத்தின் பக்கம் நின்று, இரண்டு பத்திகளில் பதில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் என் பதிலைவிட நீளமானவை, சில என் பதிலைவிடத் தெளிவானவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

வாசகி, கும்பகோணம்

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக லண்டன் செல்கிறேன். அவள் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். “இங்கே டிக்கெட் கவுன்டரே கிடையாது அம்மா, எல்லாம் போனில்தான்” என்கிறாள். எனக்கு வயது 63. போனில் பேசுவேன், வாட்ஸ்ஆப்பில் படம் பார்ப்பேன். அதற்கு மேல் வராது. ஒரு காகித வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகப் போய்வர முடியுமா?

பதில்: முடியும் அம்மா. உங்கள் மகள் சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி அவ்வளவு சரியில்லை. லண்டன் பாதாள ரயிலில் டிக்கெட் கவுன்டர்கள் 2015ஆம் ஆண்டோடு மூடப்பட்டுவிட்டன. ஆனால் பயணம் செய்யக் கைபேசி கட்டாயமில்லை. முன்கூட்டியே பணம் போட்டுவைத்துப் பயன்படுத்தும் ஆய்ஸ்டர் என்ற பயண அட்டை 2003 முதலும், ‘கான்டாக்ட்லெஸ்’ வசதியுள்ள வங்கி அட்டை 2014 செப்டம்பர் முதலும் அங்கே செல்லுபடியாகின்றன; இரண்டில் ஒன்று போதும். நுழையும் கதவில் மஞ்சள் வட்டத்தில் அட்டையைத் தொட வேண்டும், வெளியேறும்போது அதே அட்டையை மறுபடியும் தொட வேண்டும். ‘அதே அட்டை’ என்பதை அழுத்திச் சொல்கிறேன்: காலையில் அட்டையையும் மாலையில் கைபேசியையும் தொட்டால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்கைச் சேர்ந்தவையாக இருந்தாலும், இயந்திரம் உங்களை இரண்டு வெவ்வேறு பயணிகளாகவே கருதும். பேருந்தில் 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்குவதில்லை. எனவே சில்லறையை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

வரைபடத்தைப் பொறுத்தவரை, பாதாள ரயிலின் சட்டைப்பை வரைபடம் இலவசமானது. எழுத்து மிகவும் பொடியாக இருக்கும் என்பதால், பெரிய எழுத்தில் அச்சிட்டதை உங்கள் மகளைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். படியேறாமல் செல்லத்தக்க நிலையங்களைக் காட்டும் வரைபடம் தனியாக உண்டு, கழிப்பறை உள்ள நிலையங்களைக் காட்டும் வரைபடமும் உண்டு. நம் வயதில் இவை இரண்டும் பெரிய உதவி. கிடைத்ததும் பேனாவை எடுத்து, நீங்கள் போகக்கூடிய நான்கைந்து நிலையங்களைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழில் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் ஹாமில் ஒரே தண்டவாளத்தில் இரண்டு வழித்தடங்களின் ரயில்கள் வருகின்றன. வரைபடத்தில் பச்சைக் கோடாக உள்ளது டிஸ்ட்ரிக்ட், இளஞ்சிவப்புக் கோடாக உள்ளது ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி. ஆல்ட்கேட் ஈஸ்ட் நிலையம் வரை இரண்டும் ஒன்றாகவே போகும், அதற்குப் பிறகு பச்சைக்கோட்டு ரயில் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கமும் மற்றது கிங்ஸ் கிராஸ் பக்கமும் பிரிந்துவிடும். பாராளுமன்றத்தைப் பார்க்கக் கிளம்பியவர் முதலில் வந்த ரயிலில் ஏறிவிட்டால் வேறெங்கோ போய் இறங்க நேரும். இது வரைபடத்தில் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். முருகன் கோயிலுக்கு ரயிலே தேவையில்லை, ஈஸ்ட் ஹாம் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

மாணவர், சென்னை

கேள்வி: எந்த ரயில், எந்த நடைமேடை, எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும் கைபேசி சொல்லிவிடுகிறது. இன்னமும் காகித வரைபடத்துக்காக வாதாடுவது, கிராமபோன் தட்டுக்காக ஏங்குவதைப் போன்ற பழைய தலைமுறையின் ஏக்கம்தானே?

பதில்: உங்கள் தரப்பில் உள்ள நியாயத்தை என் சொந்த அவமானத்தைக் கொண்டே நிரூபித்துவிடுகிறேன். பழைய லண்டன் வரைபடம் ஒன்றைப் புத்தகத்துக்குள் அடையாளத்தாளாக வைத்திருந்தேன். கடைசியாக அங்கே போனபோது அதை நம்பி, இரண்டு இடங்களில் மாறி, வியர்த்து வழிந்து போய்ச் சேர்ந்த பிறகுதான், 2022 மே 24 அன்று திறக்கப்பட்ட எலிசபெத் வழித்தடம் அந்தத் தாளில் இல்லவே இல்லை என்பதைக் கவனித்தேன். மாறாமலே போயிருக்கக்கூடிய பயணம் அது. கைபேசி அந்தத் தவறைச் செய்திருக்காது. வார இறுதிகளில் பராமரிப்புக்காகப் பாதி வழித்தடத்தை நிறுத்திவைப்பது லண்டனில் வழக்கம். அச்சிட்ட தாளுக்கு அது தெரிய வழியே இல்லை.

ஆனால் இரண்டையும் ஒரே வேலைக்குப் போட்டியிடும் விண்ணப்பதாரர்களாக நீங்கள் நிறுத்துகிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கைபேசியிடம் எங்கிருந்து எங்கே என்று முதலில் நாம் சொல்ல வேண்டும், அதன் பிறகே அது பேசும். போகுமிடத்தை இன்னும் முடிவு செய்யாதவருக்கும், முடிவு செய்தும் பெயரை எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் அதனிடம் கேட்பதற்குக் கேள்வியே இல்லை. ‘சதர்க்’ என்று காதில் விழும் ஊரை ஆங்கிலத்தில் ‘சவுத்வார்க்’ என்பதுபோல எழுதுகிறார்கள் என்பதைப் புதிதாக வந்தவர் எப்படி ஊகிப்பார்? சுவரில் ஒட்டிய வரைபடத்தின் முன் நான்கு பேர் கொண்ட குடும்பம் நின்று, ஒருவர் விரல் வைத்துக் காட்ட, மற்றொருவர் மறுத்து, மூன்றாமவர் “அது ஆற்றுக்கு அந்தப் பக்கம்” என்று திருத்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐந்து அங்குலத் திரையைச் சுற்றி அப்படி ஒரு விவாதம் நடப்பது கடினம்.

அந்த வரைபடம் உண்மையை அப்படியே காட்டுவதாகவும் எண்ணிவிடாதீர்கள். பாதாள ரயிலின் சிக்னல் பிரிவில் தற்காலிக வரைவாளராக வேலை பார்த்த ஹாரி பெக் என்பவர் 1931இல் அதை வரைந்தார். வளைந்து நெளிந்த பாதைகளையெல்லாம் கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றுக்குள் அடக்கி, நெருக்கடியான நகர மையத்தை விரித்து, புறநகர்த் தொலைவுகளைச் சுருக்கி, தேம்ஸ் நதியைத் தவிர நிலத்துக்கு மேலிருக்கும் எதையும் காட்டாமல் விட்டுவிட்டார். நிர்வாகம் முதலில் அதை ஏற்கவில்லை. பின்னர் 1933 தொடக்கத்தில், பொதுமக்களின் கருத்தைக் கோரும் குறிப்போடு தயக்கத்துடன் வெளியிட்டது. ஒரே மாதத்தில் மறு அச்சுக்குப் போக வேண்டியதாயிற்று. பூமிக்கடியில் செல்பவருக்கு எத்தனை மைல் என்பதைவிட எங்கே ஏறி எங்கே மாற வேண்டும் என்பதே கவலை என்று பெக் கண்டுகொண்டிருந்தார்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. லெஸ்டர் ஸ்கொயர் நிலையத்துக்கும் காவென்ட் கார்டன் நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 260 மீட்டர்தான். வரைபடத்தில் அது மற்ற இடைவெளிகளைப் போலவே தெரிவதால், வெளியூர்க்காரர்கள் அதற்கும் கட்டணம் செலுத்தி ரயிலேறி, காவென்ட் கார்டனில் மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையின்றிச் சுழல் படிக்கட்டில் 193 படிகள் ஏறி மூச்சு வாங்குகிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜான் குவோ என்ற ஆய்வாளர், லண்டன் பயணிகள் எந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், உண்மையான பயண நேரத்தைவிட வரைபடத்தில் தெரியும் தூரமே அவர்களுடைய தேர்வை ஏறக்குறைய இரு மடங்கு பாதிக்கிறது என்று கண்டறிந்தார். அன்றாடம் போய்வருகிறவர்கள்கூட, தம் கடிகாரம் சொல்வதைவிடப் பெக்கின் கோட்டையே அதிகம் நம்புகிறார்கள் என்று இதற்குப் பொருள்.

அப்படியென்றால் கைபேசி நேர்மையானது, தாள்தான் ஏமாற்றுகிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி, நகருக்குள் எப்படிப் போவது என்று ஒருமுறை கைபேசியைக் கேட்டுப் பாருங்கள். விரைவில் கொண்டு சேர்க்கும் ரயிலைத்தான் பெரும்பாலும் முதலில் காட்டும். பாடிங்டனுக்கு 15 நிமிடத்தில் போகும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸுக்கும், நின்று நின்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நகர மையத்துக்குப் போகும் பிக்கடில்லி வழித்தடத்துக்கும் இடையே கட்டணத்தில் பல மடங்கு வித்தியாசம் இருக்கிறது. வரைபடம் எந்த வழியையும் உங்களுக்காகத் தேர்ந்தெடுப்பதில்லை. அது திரித்துக் காட்டும் விதமும் எல்லோர் கண்முன்னும் தாளிலேயே கிடப்பதால், பழகியவர் கண்டுபிடித்துவிடுகிறார். கைபேசி எந்த அளவுகோலை வைத்து ஒரு வழியை முதலில் வைத்தது என்பதை நாம் கேட்பதும் இல்லை. கவுன்டரில் இருந்தவரோ, உங்கள் பெட்டியையும் முகத்தையும் பார்த்துவிட்டு, “அவசரமா, இல்லை செலவு குறைந்தால் போதுமா?” என்று கேட்டிருப்பார்.

வாசகி, ஹரோ, லண்டன்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து 1986இல் வந்து இங்கே குடியேறினேன். நிலக்கீழ் ரயிலின் ரிக்கற் கந்தோர்கள் எல்லாம் மூடப்பட்டபோது எவராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் 2023இல் மற்றைய ரயில் நிலையங்களின் கந்தோர்களை மூட முயன்றபோது அரசாங்கமே பின்வாங்கியது. இந்த வித்தியாசம் எதனால்?

பதில்: நீங்கள் நேரில் கண்டதை நான் தூரத்திலிருந்து விளக்குவது சற்றே துணிச்சல்தான். இருந்தாலும் கதையை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

2008இல் மேயர் தேர்தலில் நின்ற போரிஸ் ஜான்சன், பாதாள ரயில் கவுன்டர்களை மூட விடமாட்டேன் என்று வாக்குறுதி அளித்தார். அவரே மேயராக இருந்த 2013 நவம்பரில், கவுன்டர்கள் அனைத்தும் மூடப்படும் என்று போக்குவரத்து நிர்வாகம் அறிவித்தது. நூறு பயணங்களில் மூன்றுக்கும் குறைவானவையே கவுன்டரில் தொடங்குகின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2014இல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயினும் 2015 முடிவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. இதில் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றுவதுண்டு. 2009 செப்டம்பரில் வெளியான வரைபடத்தில், நெரிசலைக் குறைப்பதாகச் சொல்லி, பெக் விட்டுவைத்த தேம்ஸ் நதியை நீக்கிவிட்டார்கள். ஊரே கூச்சலிட்டது; ஜான்சன் தலையிட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் நதியைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். நதியை மீட்டவரின் ஆட்சியில்தான் கவுன்டர்கள் போயின.

2023இல் நிலைமை வேறு. ஜூலை 5 அன்று, இங்கிலாந்தில் பெரும்பாலான ரயில் நிலையப் பயணச்சீட்டு அலுவலகங்களை மூடும் திட்டத்தை ரயில் நிறுவனங்கள் வெளியிட்டன. ஆனால் இந்த ரயில்களைப் பொறுத்தவரை, அலுவலகத்தை மூடுவதற்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்ற ஏற்பாடு தனியார்மயக் காலத்து ஒப்பந்தத்திலேயே இருந்தது. முதலில் மூன்று வாரம் மட்டுமே அவகாசம் கொடுத்தார்கள். மான்செஸ்டர் பெருநகரப் பகுதியின் அன்றைய மேயர் ஆண்டி பர்னம் உள்ளிட்ட சில மேயர்கள் நீதிமன்றம் போவோம் என்று எச்சரித்தார்கள், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் எழுந்தன, அவகாசம் செப்டம்பர் 1 வரை நீண்டது. ஏறத்தாழ 7,50,000 கருத்துகள் குவிந்தன, அவற்றுள் மிகப் பெரும்பான்மை எதிர்ப்பு. பயணிகளின் சார்பாகப் பேசும் இரண்டு கண்காணிப்பு அமைப்புகளும் எல்லாத் திட்டங்களையும் நிராகரிக்க, அக்டோபர் 31 அன்று போக்குவரத்து அமைச்சர் மார்க் ஹார்ப்பர் திட்டத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டார். ஆக, கேட்டே ஆக வேண்டும் என்று எழுதி வைத்திருந்த இடத்தில் கேட்டார்கள், கேட்டதால் பதில் வந்தது.

இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 2015க்கும் 2023க்கும் இடையே, உங்களைப் போன்ற லட்சக்கணக்கானவர்கள் கவுன்டர் இல்லாத நிலையங்களில் பழகிப் பார்த்திருந்தார்கள். “ஊழியர்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து உங்களோடு நிற்பார்கள்” என்ற வாக்குறுதியின் நடைமுறை எப்படி இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். 2016இல் புதிய மேயர் சாதிக் கான் கேட்டுக்கொண்டபடி நடந்த மதிப்பாய்வில், ஊழியரை எங்கே போய்த் தேடுவது என்பதே பயணிகளின் குறைகளுள் ஒன்றாக இருந்தது.

தணிக்கையாளர், கோவை

கேள்வி: நூறு சீட்டுகளில் 12 மட்டுமே கவுன்டரில் விற்கின்றன என்று அவர்களே கணக்குக் காட்டினார்களே. அந்தப் பன்னிரண்டுக்காக ஆயிரம் கவுன்டர்களைத் திறந்து வைத்திருப்பது எந்தக் கணக்கில் சேரும்?

பதில்: 1995இல் 85 சதவீதமாக இருந்தது 12 ஆகக் குறைந்தது என்பதுதான் அவர்கள் சொன்ன கணக்கு, அதை நான் மறுக்கவில்லை. மறுப்பது பேரேட்டின் தலைப்பை. அதில் பதிவாவது விற்ற சீட்டு மட்டுமே, தீர்த்த சந்தேகம் பதிவாவதில்லை. ஒருவர் கவுன்டருக்குப் போய், எந்தச் சீட்டு மலிவு என்று ஐந்து நிமிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு பக்கத்திலிருக்கும் இயந்திரத்தில் வாங்கினால், அந்த விற்பனை இயந்திரத்தின் பத்தியில்தான் ஏறும்.

இங்கிலாந்தின் ரயில் கட்டணங்கள் எவ்வளவு சிக்கலானவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மூன்று பேர் முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து, நெரிசல் இல்லாத நேரத்தில் பயணம் செய்தால், பல நிறுவனங்களின் ரயில்களில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி கிடைக்கும். அதைப் பெற அப்படி ஒரு தள்ளுபடி இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதேபோல, முதியோருக்கான தள்ளுபடி அட்டையை ஆய்ஸ்டர் அட்டையோடு இணைத்தால் நெரிசலற்ற நேரக் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதை ஒரு நிலைய ஊழியர்தான் செய்து தர வேண்டும். நிறுவனத்தின் வரவு செலவில் கவுன்டர் வெறும் செலவாகவே தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயணியின் பக்கத்துப் பேரேட்டையும் ஒருமுறை எழுதிப் பார்க்க உங்களைவிடத் தகுதியானவர் யார்?

வாசகர், திருநெல்வேலி

கேள்வி: இது இங்கிலாந்தில் மட்டும்தானா?

பதில்: இல்லை. ஜப்பானில் ஜே.ஆர். ஈஸ்ட் என்ற ரயில் நிறுவனம், 2021இல் 440 ஆக இருந்த தன் முன்பதிவு அலுவலகங்களைச் சுமார் 140 ஆகக் குறைக்கத் திட்டமிட்டு, எஞ்சியவற்றில் வரிசை நீண்டு குறைகள் பெருகியதால், 2024 மே மாதம் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது. நியூயார்க்கில் சுரங்க ரயில் ஊழியர்கள் 2023இல் கவுன்டர் கூண்டை விட்டு நிலையத்துக்குள் பயணிகளிடையே அனுப்பப்பட்டார்கள். அதே நகரம் 2025 ஏப்ரலில், 1979க்குப் பிறகு முதன்முறையாகத் தன் வரைபடத்தை முற்றிலும் மாற்றி, நேர்கோடுகளாலான புதிய படத்தை நிலையங்களில் மாட்டியது. கைபேசி இல்லாத பயணி அரிதாகிவிட்ட காலத்தில் அதற்காக உழைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

வாசகர், மதுரை

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை, இதை என் மகன் எழுதுகிறான். வரைபடமா, கைபேசியா என்ற உங்கள் வாதம் முழுவதும் கண் உள்ளவர்களுக்கு இடையே நடப்பது. என்னைப் போன்றவர் அந்த நிலையங்களில் என்ன செய்கிறார்?

பதில்: நியாயமான குத்தல், ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் விஷயத்தில் கைபேசி காகிதத்தை வென்றுவிட்டது என்பதில் ஐயமில்லை. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதி, அச்சிட்ட தாள் ஒருநாளும் தராததைத் தருகிறது. உங்கள் பிரச்சினை பயணச்சீட்டு இயந்திரம். தடவிப் பார்த்தால் எதுவும் தட்டுப்படாத வழவழப்பான திரை அது. பார்வையற்றோருக்கான பிரிட்டனின் ராயல் தேசிய நிறுவனம் நடத்திய கணிப்பில், சிரமமின்றி அந்த இயந்திரத்தைப் பயன்படுத்த முடிகிறது என்றவர்கள் 3 சதவீதம் மட்டுமே. 2023 திட்டத்தை எதிர்த்தவர்களின் கையில் இருந்த வலுவான வாதங்களுள் இது ஒன்று.

இன்னொன்று, கவுன்டர் இருக்கும் இடம் மாறாது. வாசலிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் திரும்புவது என்பதை ஒருமுறை பழகிவிட்டால், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வரும் குரலை நோக்கி ஒருவர் நேராக நடந்துவிடலாம். கூடம் முழுவதும் சுற்றி வந்துகொண்டிருக்கும் ஊழியர் கண் உள்ளவருக்கு எளிதில் கிடைப்பார்; உங்களுக்கோ, அவர் வாய் திறக்கும்வரை இல்லாதவர்தான்.

லண்டன் பாதாள ரயிலில் முன்பதிவு எதுவும் செய்யாமல் நிலையத்துக்குப் போய் உதவி கேட்கலாம். ஊழியர் உங்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று பெட்டியில் ஏற்றிவிட்டு, நீங்கள் இறங்கும் நிலையத்துக்குத் தொலைபேசியில் எத்தனையாவது பெட்டி என்று சொல்லிவிடுவார். அங்கே கதவு திறக்கும்போது ஒருவர் எதிரே நின்றுகொண்டிருப்பார். அந்த முதல் ஊழியரைக் கண்டுபிடிக்கும் வரைதான் சிரமம். அதற்கு, யாராவது வந்து கேட்கும்வரை நுழைவாயிற் கதவின் அருகிலேயே அசையாமல் நில்லுங்கள் என்று அங்குள்ள நண்பர் ஒருவர் எனக்குச் சொன்னதை உங்கள் மகனிடம் சொல்லி வைக்கிறேன்.